பத்தொன்பதாம் பிரிவின்படி பெய்த பனி

வெயிலுகந்தநல்லூரில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, பாலுக்கு நின்ற ஜனங்களின் தலையில் படாமல், தெருவில் படுத்திருந்த நாயின் முதுகில் படாமல், நகராட்சி பாவிய நடைபாதைக் கல்லின் மேல் மட்டும் அளந்து கொட்டினாற்போல் முழங்கால் உயரத்துக்குப் பனி பெய்தது. எட்டு மணிக்குள் வீட்டுக்கு ஓர் ஆள் முறமும் மண்வெட்டியுமாக வந்து அதை வாரிச் சாக்கடையில் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனார்கள். யாரும் வானத்தைப் பார்த்துக் கும்பிடவில்லை, யாருக்கும் சாமி வரவில்லை, "இது எந்தச் சட்டத்துல வருது?" என்று மட்டும்தான் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சட்டக் கல்லூரி வந்து இருபது வருஷமான ஊர் எங்களுடையது, இங்கே பால்காரர்கூடப் பிரிவு எண் சொல்லித்தான் தண்ணீர் கலப்பார்.

எந்தச் சட்டம் என்பது எனக்குத் தெரியும். கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கனகசபை நான். முந்தின நாள் சாயங்காலம் அந்தச் சட்டத்தை இருநூறு பிரதி அச்சடித்துப் பின் அடித்ததும் நான்தான்.

கல்லூரிப் பிள்ளைகள் பதினோரு பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள். பெயர் 'சட்டமியற்றலும் பொதுக்கொள்கையும்'. காலாண்டிதழ் என்று அட்டையில் போட்டிருக்கும், வருஷத்துக்கு ஒன்று வரும், வந்ததை ஒருவரும் படித்ததில்லை. ஒவ்வோர் இதழின் கடைசியிலும் நாட்டுக்கு நல்லது செய்கிற மாதிரி மசோதா ஒன்று இருக்கும், அதையும் ஒருவரும் படித்ததில்லை. ஆனால் ஆசிரியர் குழு உழைக்காமல் இருந்ததாகச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் அடிக்குறிப்புகளை அவர்கள் மூன்று சுற்றுப் பார்ப்பார்கள். ஒருவன் காற்புள்ளிக்கு, ஒருத்தி பக்க எண்ணுக்கு, ஒருவன் சாய்வெழுத்துக்கு என்று ஆள் பிரித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் அரிசியில் கல் பொறுக்குகிறவர்கள் மாதிரி கண் வலிக்க வலிக்கப் பொறுக்குவார்கள். அடிக்குறிப்புக்கு மேலே இருப்பதைப் பார்ப்பது யார் வேலையும் இல்லை. மேலே இருப்பதை எழுதியவன் பார்த்திருப்பான் என்று ஆசிரியர் குழு நினைக்கும், ஆசிரியர் குழு பார்த்துக்கொள்ளும் என்று எழுதியவன் நினைப்பான். முன்னுரை தருகிற பேராசிரியர் தன் முன்னுரையை மட்டும் படித்துவிட்டுப் பிரமாதம் என்பார்.

இந்த வருஷ மசோதாவை எழுதியவன் ஜெயப்பிரதாபன், நகராட்சித் தலைவர் அய்யாவுவின் மகன். எழுதினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. வருஷத்தில் ஏழு மாதம் குளிரில் விறைத்துக் கிடக்கும் ஏதோ ஒரு சீமை நகரத்தின் நடைபாதைச் சட்டத்தைப் போனில் மொழிபெயர்க்கவிட்டு, அந்த நகரத்தின் பெயர் வந்த இடங்களில் எல்லாம் வெயிலுகந்தநல்லூர் என்று போட்டான், அவ்வளவுதான் ஆராய்ச்சி. நாற்பத்தோரு பிரிவு, முந்நூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்பு. முந்தைய எட்டு மசோதாக்களும் 'அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்' என்று முடிந்தவை. அரசு அறிவிக்கவில்லை, அவையும் பேசாமல் அலமாரியில் கிடந்தன. இந்தச் சீமைச் சட்டமோ 'வெளியிட்ட உடனே நடைமுறைக்கு வரும்' என்று தொடங்கியது, சொன்னபடியே வந்துவிட்டது. ஏன், எப்படி என்று கேட்டவர்கள் இரண்டு நாளில் அலுத்துப்போய்க் கடை கண்ணியைப் பார்க்கப் போனார்கள்.

பத்தொன்பதாம் பிரிவு, வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முன் நடைபாதையில் கிடக்கும் பனியைக் காலை எட்டு மணிக்குள் அகற்ற வேண்டும் என்றது. அகற்றுவதற்குப் பனி வேண்டுமே, அதனால் பெய்தது. முப்பத்தோராம் பிரிவு, அகற்றத் தவறியவர் பொது நூலகத்தில் இரண்டு மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்றது. எட்டு மணி ஒரு நிமிஷத்துக்குச் சோம்பேறிகளின் கால்கள், அவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, அவர்களைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போயின. பதினாலு வருஷமாக ஒட்டடை மட்டும் படித்துவந்த அந்த நூலகத்தில் நாற்காலி பற்றாமல் போய்விட்டது.

ஏழாம் பிரிவைத்தான் யாரும் பேசவில்லை. பள்ளி, கல்லூரி, கோயில், ஆஸ்பத்திரி, அலுவலகம், குடியிருப்பு இவற்றிலிருந்து அறுபது அடிக்குள் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை எந்த வண்டி வியாபாரியும் நிற்கவோ உட்காரவோ கூடாது என்றது அது. ஷட்டரும் கூரையும் உள்ள என்னை அது தொடவில்லை. கல்லூரி வாசலில் பருத்திப்பால் விற்கிற பேச்சித்தாயைத் தொட்டது.

முதல் நாள் அவள் வழக்கம்போல் வேப்பமரத்தடிக்கு வண்டியைத் தள்ளிவந்தாள். வண்டி நிற்கவில்லை. சக்கரத்துக்குக் கல் கொடுத்தாள், கல்லின் மேல் ஏறி இறங்கி அது பாட்டுக்குப் போனது.

"அண்ணாச்சி, நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி!"

"வண்டிய விட்டுட்டு நீ நில்லும்மா!"

"நானும் நிக்க முடியல! காலு போய்க்கிட்டே இருக்கு!"

போய்க்கொண்டே இருந்தது. ஊருக்குள் வீடோ பள்ளியோ கோயிலோ இல்லாத அறுபது அடி எங்கேயும் இல்லை. கண்மாய்க் கரைக்குப் போனால் நிற்கலாம், ஆனால் அங்கே பருத்திப்பால் குடிக்க நாரைதான் வரும். ஆகவே பேச்சித்தாய் காலை ஆறு மணியிலிருந்து கல்லூரியைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி விற்றாள். வாடிக்கைக்காரர்கள் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் கூடவே நடந்து, குடித்து முடித்துக் கழுவாத டம்ளரை வாளியில் எறியப் பழகிக்கொண்டார்கள். நடந்துகொண்டே குடிப்பது சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று ஒரு டாக்டர் சொன்னார், சட்டம் போட்டவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று ஊரே மெச்சியது. பேச்சித்தாய்க்குச் சர்க்கரை வியாதி கிடையாது, குதிகால் வெடிப்புத்தான் உண்டு.

ஊர் பனியை ஒரு வாரத்தில் விழுங்கி ஏப்பம் விட்டது. 'வெயிலுகந்தநல்லூருக்குக் குளிர் தந்த கொடையே' என்று அய்யாவு தன் படத்தைப் போட்டு ஒன்பது இடத்தில் பேனர் வைத்தார், இந்தத் திட்டத்துக்குக் கோப்பு நகர்ந்ததே எங்கள் காலத்தில்தான் என்று எதிர்க்கட்சி பத்தாவது பேனர் வைத்தது. நடைபாதையே இல்லாத கீழக்காலனியில் ஒரு பொட்டுப் பனியும் விழவில்லை. அந்த ஜனம் பனியில் பாரபட்சம் காட்டாதே என்று பேருந்தை மறித்தது. அய்யாவு நேரில் போய் நடைபாதைக்கு அடிக்கல் நாட்டினார், அந்த அடிக்கல்லின் மேல் மட்டும் மறுநாள் ஒரு கைப்பிடி பனி பெய்தது. வெயிலுகந்த அம்மனுக்குக் கம்பளிச் சால்வை சாத்தினார்கள். பேரே வெயிலுகந்தவளாயிற்றே என்று யாரோ கேட்டதற்கு, "அதுக்காக அம்மா சட்டத்த மீறுவாளா?" என்றார் பூசாரி. மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் வேன் வேனாக வந்து பனியில் நின்று படம் எடுத்தார்கள், அதை உடனே கலரில் போட்டுக் கொடுக்க நான் இரண்டாவது மெஷின் வாங்கினேன். மறைப்பானேன், எனக்கும் பனி பிடித்திருந்தது.

பத்திரிகையின் தலைமை ஆசிரியர் கோமதி, ஐந்தாம் வருஷ மாணவி. அவள் பேச்சித்தாயின் மகள் என்பது ஊரில் எனக்கு மட்டும் தெரியும். சேர்க்கைக்கான சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க வந்த அன்றைக்கே பேச்சித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாயத் தொறந்துராதீக அண்ணாச்சி. வக்கீலுக்குப் படிக்கிற பிள்ள. வண்டிக்காரி மகன்னு தெரிஞ்சா கூடச் சேத்துக்கிட மாட்டாக." ஐந்து வருஷமாகக் கோமதி தோழிகளோடு வந்து, பெற்ற தாயிடம் யாரோ போல் நின்று, "ஒரு பருத்திப்பால்" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். தாயும் யாருக்கோ ஊற்றுவது போல் ஊற்றினாள், ஆனால் ஏலக்காய் மட்டும் கூடுதலாகத் தட்டிப் போடுவாள்.

ஒன்பதாம் நாள் கோமதி என் கடைக்கு வந்து, கழித்துப் போட்ட பிரதிகளில் ஒன்றை எடுத்து நின்றபடியே படித்தாள். வெளியே அவள் அம்மா ஐந்து முறை கடந்து போனாள்.

"நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணாச்சி," என்றாள். "முந்நூத்திப் பன்னெண்டு அடிக்குறிப்பையும் சரிபாத்தேன். மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்கவே இல்ல."

அச்சடித்த நானும்தானே பார்க்கவில்லை.

அடுத்த இதழில் ஏழாம் பிரிவை ரத்து செய்ய வேண்டும் என்று அவள் ஆசிரியர் குழுவில் தீர்மானம் கொண்டுவந்தாள். ஏழாவதை எடுத்தால் கட்டடம் ஆடும், கட்டடம் ஆடினால் பத்தொன்பது சரியும், பனி நின்றால் ஊர் நம்மைச் சும்மா விடாது என்றான் ஜெயப்பிரதாபன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பத்திரிகையை முதல் முறையாக ஊர் மதிக்கிறது, அவர்களைப் பார்த்துக் கடைக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? இழுத்துப் பிடித்து, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்று நடத்துவது என்று முடிவானது. நாள் குறித்ததில் ஐந்து வாரம் ஓடிவிட்டது. இறுதித் தேர்வுக்கு முந்தின நாள்தான் கிடைத்தது.

என் கடைக்கு நேர் எதிரே, கல்லூரியின் சாலையோரக் கூடத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம். கோமதி தலைமை நாற்காலியில். விடுதிக்காரர், வேன்காரர், சால்வைக் கடைக்காரர் எல்லோரும் பனியை ஆதரித்து மூன்று மூன்று நிமிஷம் பேசினார்கள். வண்டிக்காரர்கள் தரப்பில் கருத்துச் சொல்லப் பேச்சித்தாய் மட்டும் வந்தாள். வந்தாளே தவிர நிற்க முடியாதே, சாலையோர ஜன்னலைக் கடக்கும்போது ஒரு வாக்கியம் சொல்வாள், மறைந்துபோய்க் கல்லூரியைச் சுற்றிவந்து அடுத்த வாக்கியம் சொல்வாள்.

"என் பேரு பேச்சித்தாய். இருபது வருசமா இந்த வாசல்லதான்..." போய்விட்டாள்.

கூட்டத்தின் விதிப்படி ஒருவர் ஒருமுறைதான் பேசலாம், இடத்தைவிட்டு அகன்றால் அவர் கருத்து முடிந்தது. குறிப்பெடுத்த பையன் விதியை மீறாதவன்.

"பெயர்?" என்றான் அவள் மறுபடி வந்தபோது.

"இப்பத்தான தம்பி சொன்னேன், பேச்சித்தாய். எங்கள உக்கார வைங்கன்னு கேக்கல. நிக்க விடுங்கன்னுதான்..." போய்விட்டாள்.

இப்படி ஒன்பது சுற்று. ஒன்பதாவது சுற்றில் அவள் பேசவே இல்லை, மூச்சு வாங்கியது, ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கப் பார்த்தாள், கால் இழுத்துக்கொண்டு போனது. பையன் எழுதியதை வாசித்தான்: "பேச்சித்தாய் என்ற பெயருடைய ஒன்பது பெண்கள் கருத்துத் தெரிவித்தனர். ஒருவர் மௌனம்."

"ஒரே பேர்ல ஒன்பது பேர் வந்து சொல்லிவெச்ச மாதிரிப் பேசுறாங்கன்னா இது திட்டமிட்ட சதி," என்றான் ஜெயப்பிரதாபன். "குறிப்பிலருந்து மொத்தத்தையும் நீக்கணும்."

நீக்கலாம் என்று கைகள் உயர்ந்தன. கோமதி எழுந்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, கூடத்தைவிட்டு இறங்கிச் சாலைக்கு ஓடி, பத்தாவது சுற்றுக்கு வந்த வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்பது பேர் இல்லடா!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "ஒரே ஆளு! எங்க அம்மா!"

நான் கடையில் நின்று கேட்டேன்.

"கைய எடுடி! கைய எடு!" என்று பேச்சித்தாய் மகளின் கையில் அடி அடியென்று அடித்தாள். அவள் பயந்தது சரிதான். வியாபாரிக்குக் கைகொடுப்பவரும் வியாபாரியே, ஒருமுறை வியாபாரியானவர் இச்சட்டம் உள்ளவரை வியாபாரியே என்று இரண்டாம் பிரிவு சொல்லியிருந்தது. கோமதியின் கால்களும் நடக்கத் தொடங்கிவிட்டன. மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு. மூன்று மணி நேரம் கல்லூரிக்குள் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் ஐந்து வருஷமும் பேச்சித்தாயின் குதிகாலும் சாக்கடைக்குப் போன பனிதான்.

தோழிகள் இரண்டு பேர் அவளை இழுத்துக் காப்பாற்ற ஓடிவந்து வண்டியில் கைபட்டு மாட்டிக்கொண்டார்கள். அவர்களை இழுக்க வந்த மூன்று பேரும் மாட்டிக்கொண்டார்கள். ஜெயப்பிரதாபன் மட்டும் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு படியிலேயே நின்றான். ஆனால் ஆசிரியர் குழுவின் பதினோரு பேரில் ஆறு பேர் தெருவுக்கு வந்துவிட்டார்கள், பெரும்பான்மை இப்போது வண்டியோடு நடந்துகொண்டிருந்தது. "அப்ப குழுக் கூட்டத்த இங்கயே வெச்சுக்குவோம்," என்றாள் கோமதி. நடந்துகொண்டே சட்டத்தைப் பிரித்தார்கள். நடக்கிற நடையில் பொடி எழுத்து கண்ணில் ஆடியது, அடிக்குறிப்பைப் பார்க்க வழியில்லை, ஆகவே வாழ்க்கையில் முதல் முறையாக மேலே இருந்ததைப் படித்தார்கள். பதினேழாம் பிரிவில் பனிப்பிரதேசக் கலைமான் குறுக்கே வந்தால் வழிவிட வேண்டும் என்று இருந்ததை ஒருத்தி உரக்க வாசித்துவிட்டு, "ஏய், இது நம்ம ஊருக்கு எழுதுனதே இல்லடி," என்றாள். இரண்டு சுற்றில் முழுச் சட்டத்தையும் ரத்து செய்யும் தீர்மானம் நிறைவேறியது. ஒரு பக்கச் சிறப்பிதழ். கோமதி அதை எழுதிச் சுருட்டி என் கடைக்குள் எறிந்துவிட்டுப் போனாள்.

"அண்ணாச்சி, அச்சடிச்சுப் பின் அடிச்சிருங்க!"

அதே நேரத்தில் என் போன் அடித்தது. அய்யாவு. "கனகசபை, ஒம் மெஷினு ரிப்பேராமே?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்த சுற்றில் கோமதி கேட்டாள், "ஆயிருச்சா அண்ணாச்சி?" டோனர் தீர்ந்துவிட்டது என்றேன். அதற்கடுத்த சுற்றில் கரண்ட் குறைகிறது என்றேன். தலைக்கு மேலே மின்விசிறி விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனாள். இரண்டாவது மெஷினின் மேல் கைவைத்துக்கொண்டு நான் நாலு மணிவரை நின்றேன், ஐந்து மணிவரை நின்றேன். சீமைச் சட்டத்தை அச்சடிக்க எனக்கு அரைமணி நேரம் போதுமாக இருந்தது.

பேச்சித்தாய்தான் கடைசியில் வண்டியை மகளிடம் விட்டுவிட்டு, நிற்க முடியாத காலோடு என் கடை வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள்.

"எனக்காக வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். "நான் நடந்துக்கிடுவேன். நாளைக்கு அவ உக்காரணும்."

நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அச்சடித்தேன். பின் அடித்த நொடியில் வெளியே சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தேன். வண்டி நடுரோட்டில் நின்றிருந்தது. பேச்சித்தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கோமதி அதைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட, தெருவே பார்க்க அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊர் மண்வெட்டியோடு வாசலில் நின்றது. ஏழு மணிக்கும் நின்றது. எட்டு மணிக்கு வெயில் மட்டும் வந்தது, அதுவும் ஆறு வாரத்துப் பாக்கியைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தது போல் வந்தது. வந்த வேன்கள் திரும்பிப் போயின. சால்வைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு வண்டிக்காரியின் காலுக்காக ஒரு ஊரின் வாழ்வையே கெடுத்துவிட்டார்கள் என்று அய்யாவு ஒலிபெருக்கி வைத்து அழுதார். எவன் அச்சடித்துக் கொடுத்தான் என்று என் கடையில் வந்து நின்றவர்கள் கேட்டார்கள். "வெளியூர்ல அடிச்சிருப்பாங்க," என்றேன்.

பேச்சித்தாய் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தாள். சக்கரத்துக்குக் கல்கூடக் கொடுக்கவில்லை, அது பாட்டுக்கு நின்றது. அவளைத் தடுக்க ஊரில் எந்தச் சட்டமும் இல்லை. காலை ஆறிலிருந்து ஒருவரும் அவளிடம் போகவில்லை. கூடவே நடந்து நடந்து குடித்தவர்கள் எதிர்ச்சாரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், பால் அண்டாவில் ஏடு கட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்குத் தேர்வு முடிந்தது. வண்டியோடு நடந்த மற்ற ஐந்து பிள்ளைகளும் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். கோமதி முன்வாசல் வழியாக வந்தாள். எல்லோரும் பார்க்க அம்மாவின் பக்கத்தில் போய் நின்று, அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் வாங்கி நின்ற இடத்தில் நின்று குடித்தாள். பிறகு என் கடைப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, வாங்க! அம்மா ஒங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்காங்க!"

கடையில் அய்யாவுவின் ஆட்கள் நாலு பேர் நின்றார்கள். நான் மெஷினைத் திறந்து, உள்ளே தாள் சிக்கிக்கொண்டது போல் குனிந்துகொண்டேன். அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். தாள் எதுவும் சிக்கியிருக்கவில்லை.